மூணு தடவை கூப்பிட்டேன்

ஜனவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறோம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

வருஷம் பிறந்ததும் உனக்கு ஒரு வேலை வைக்கிறேன். முப்பத்தெட்டு வயதில் உன் தங்கைக்கு ஆங்கில இலக்கணம் படிக்க ஆசை வந்திருக்கிறது. சிரிக்காதே. பதினேழு வருஷமாக ஆலையின் டெலிபோன் போர்டில் உட்கார்ந்து, "ஹலோ, யார் வேணும்?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ரெக்கார்டு செக்ஷனில் ஓர் இடம் காலியாகிறது. செப்டம்பரில் அதற்குப் பரீட்சை. தேறினால் அங்கே மாற்றிவிடுவார்கள்.

அந்த செக்ஷனில் முக்கியமான வேலை விசாரணை அறிக்கை எழுதுவது. விபத்து, சண்டை, புகார் என்று எது நடந்தாலும் ஆட்களைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். ஒருவன், "நான் பாக்கவே இல்லை சார்" என்று சொன்னால், தான் பார்க்கவில்லை என்று அவன் சொன்னதாக ஆங்கிலத்தில் எழுத வேண்டும். நீ வகுப்பில் நடத்துவாயே, நேர்க்கூற்று, அயற்கூற்று, அதுவேதான். பாதி மார்க் அதற்கே போகிறது. பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் நடத்திய அன்றைக்கு நான் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு சினிமாவுக்குப் போயிருந்தேன். பாவம் இப்போது பழி வாங்குகிறது.

எனக்கு இந்த இடம் கட்டாயம் வேண்டும் அக்கா. ஏன் என்று கேட்காதே. அலுப்பு என்றே வைத்துக்கொள்.

இன்னொன்று. போன் பண்ணாதே. நாள் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டிருப்பவளுக்கு வீட்டிலும் போன் என்றால் எரிச்சலாக வருகிறது. கடிதம் போடு. உன் கையெழுத்தைப் பார்த்து வெகுநாள் ஆயிற்று.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

உன் ரேடியோ

*

ஜனவரி 16

அன்புள்ள ரேடியோவுக்கு,

என் முழங்கால் மாடிப்படியைப் பார்த்தாலே அழுகிறது. மற்றபடி குறைவில்லை. மாப்பிள்ளையும் பாப்பாவும் சௌக்கியம்தானே?

பிறந்ததிலிருந்து வாய் மூடாதவள் என்று அப்பா உனக்கு ரேடியோ என்று பேர் வைத்தார். அந்த ரேடியோவுக்குப் பேச்சு அலுத்துவிட்டதா? கலிகாலம். போன வாரம் ஹெட்மிஸ்ட்ரஸ் அறையிலிருந்து உன் வீட்டுக்குப் போன் போட்டேன். நீதான் எடுத்தாய். நான் பேசப் பேச, "ஹலோ, ஹலோ, யாருங்க?" என்று நாலு தடவை கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். உங்கள் லைன் சரியில்லை. சரி, கடிதமே இருக்கட்டும்.

முறை இதுதான். என் பிள்ளைகளுக்குச் சொல்வதே உனக்கும். சின்ன நோட்டு ஒன்று வைத்துக்கொள். உன்னைச் சுற்றி இருப்பவர்கள் ஏதாவது சொன்னால் அவர்கள் சொன்ன மாதிரியே தமிழில் குறித்துவை. அதில் ஐந்தை எடுத்து, தனித்தாளில் ஆங்கிலத்தில் அயற்கூற்றாக மாற்றி அனுப்பு. தமிழ் வாக்கியங்களைக் கடிதத்தில் எழுது. நீ என்ன சொல்ல வந்தாய் என்று தெரிந்தால்தான் திருத்த முடியும். சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புவேன். அக்கா தங்கை தாட்சண்யம் கிடையாது.

பேசியவர் எழுந்து போய்விட்டார், பேச்சு மட்டும் நம் கையில் இருக்கிறது என்று நினைத்துக்கொள். அதனால் 'நான்' என்பது 'அவள்' ஆகும், 'இங்கே' என்பது 'அங்கே' ஆகும், 'நாளை' என்பது 'மறுநாள்' ஆகும். 'செட் டு' வந்தால் 'டோல்ட்'. இதை மட்டும் மறக்காதே.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாய். சொன்னேன். எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னேன். முப்பது வருஷம் பாய்லர் பக்கத்தில் நின்ற காது, இப்போது சுத்தமாக அடைத்துவிட்டது. பகலில் நூற்றைம்பது பிள்ளைகளிடம் கத்திவிட்டு, மிச்சத் தொண்டையை இவருக்காக வீட்டுக்குக் கொண்டு வருகிறேன்.

அக்கா

*

பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தொண்டைக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி. இங்கே மகளுக்குச் சளி, அவருக்கு முதுகுவலி, எனக்கு ஒன்றுமில்லை.

நோட்டு வாங்கிவிட்டேன். நீ சொன்ன முறை நல்ல முறை. மனுஷர்கள் நம்மிடம் இவ்வளவு பேசுகிறார்களா என்று எழுத ஆரம்பித்த பிறகுதான் தெரிகிறது. இதோ ஐந்து:

சூப்பர்வைசர் என்னிடம், "மூணு தடவை கூப்பிட்டேன். மகாராணிக்குத் திரும்பிப் பாக்க மனசு வரலையா?" என்றார்.

பக்கத்து வீட்டு அம்மா, "கதவைத் தட்டித் தட்டி என் கையே வீங்கிடுச்சு. உள்ளேதானே இருந்தீங்க?" என்று கேட்டார்.

என் மகள், "பால் பொங்கி அடுப்பே அணைஞ்சிடுச்சும்மா. நான் கத்தினேன், நீ வரவே இல்லை" என்றாள்.

என் கணவர், "டிவி சத்தத்தைக் குறை, தெருவுக்கே கேக்குது" என்றார்.

டீக்கடைக்காரர், "இன்னிக்கு மழை வரும்" என்றார். (வரவில்லை.)

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கத்தாதே. கத்தினால் சத்தம்தான் போய்ச் சேரும், வார்த்தை போய்ச் சேராது. அவர் முன்னால் போய் உட்கார்ந்து, முகத்தை அவர் பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டு, மெதுவாகப் பேசிப் பார். பின்னால் நின்று கூப்பிடாதே, திடுக்கென்று தூக்கிப் போடும்.

ரேடியோ

*

பிப்ரவரி 22

அன்புள்ள ரேடியோவுக்கு,

உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். தேவலாம். பாப்பாவின் சளி போயிற்றா?

திருத்திய தாள் இதனுடன் இருக்கிறது. பத்துக்கு ஏழு. பால் பொங்கிய வாக்கியத்தில் மகள் கத்தியது முன்பே நடந்து முடிந்தது. அங்கே 'ஹேட்' போட வேண்டும், விட்டுவிட்டாய். பாலை விட்டாலும் பரவாயில்லை, 'ஹேட்' விடாதே. டீக்கடைக்காரர் வாக்கியத்தில் 'இன்று' அப்படியே நிற்கிறது. மகாராணி வாக்கியம் நன்றாக இருக்கிறது. கேள்வியாக வருவதை மாற்றும்போது 'ஆஸ்க்ட்' என்று சரியாகப் போட்டிருக்கிறாய்.

இந்த வாக்கியங்களை என் வகுப்பு நோட்டிலும் எழுதி வைத்துக்கொண்டேன். பாடப்புத்தகத்தில் இருபது வருஷமாக அதே ஆசிரியர் அதே மாணவனிடம் சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கே சலித்துவிட்டது.

அப்பாவுக்கு வைத்தியம் சொல்ல உனக்கு எப்போது டாக்டர் பட்டம் கொடுத்தார்கள்? தூரத்தில் இருந்துகொண்டு யோசனை சொல்வது சுலபம், அம்மா. முன்னால் போய் உட்கார்ந்து மெதுவாகப் பேச எனக்கு நேரம் எங்கே இருக்கிறது? ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் சிவப்புப் பேனா. அடுப்படியிலிருந்தே கத்தினால்தான் என் பிழைப்பு நடக்கும்.

அக்கா

*

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்பாவின் சளி போய் எனக்கு வந்து அதுவும் போய்விட்டது. உனக்குப் பரீட்சைத் தாள் கட்டுகள் வந்திருக்கும். சாப்பிடாமல் திருத்தாதே.

இந்த முறை ஐந்து:

ரோட்டில் ஒரு லாரி டிரைவர் என்னிடம், "வீட்டுல சொல்லிட்டு வந்தியா?" என்று கேட்டார்.

சூப்பர்வைசர், "பெரிய ஐயா கேட்டது ஒரு நம்பர், நீ குடுத்தது இன்னொன்னு. தூங்கிட்டிருந்தியா?" என்றார்.

அவரே மறுநாள், "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா மேல எழுதிடுவேன்" என்றார்.

என் மகள், "ஏம்மா பேசும்போது என் வாயையே பாக்கறே?" என்று கேட்டாள்.

பக்கத்து சீட்டுக்காரி, "முன்னெல்லாம் வாய் ஓயாது. இப்ப பெரிய ஆளாயிட்டியா, பேசவே மாட்டேங்கறே?" என்றாள்.

சூப்பர்வைசர் மேலே எழுதுவதற்குள் நான் அந்த போர்டை விட்டுப் போய்விட வேண்டும். உன்னை நம்பித்தான் இருக்கிறேன்.

உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை.

ரேடியோ

*

ஏப்ரல் 6

அன்புள்ள ரேடியோவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அறுநூறு பரீட்சைத் தாள், எனக்கு இருப்பது இரண்டு கண்.

பத்துக்கு ஒன்பதரை! லாரி டிரைவரின் வசவை, அவள் வீட்டில் தெரிவித்துவிட்டு வந்தாளா என்று அவர் அவளிடம் வினவியதாக ஆங்கிலத்தில் படித்தபோது தனியாக உட்கார்ந்து சிரித்தேன். எவ்வளவு மரியாதையான டிரைவர்! அரை மார்க் குறைந்தது 'மறுநாள்' விஷயத்தில். இதையும் நோட்டில் சேர்த்துவிட்டேன்.

அப்பா நேற்று என்ன செய்தார் தெரியுமா? குழாயைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொட்டுகிற சத்தம் அவருக்குக் கேட்டால்தானே? நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்தால் கூடம் குளமாக இருக்கிறது. என் பிள்ளைகளின் விடைத்தாள் ஒரு கட்டு நனைந்துவிட்டது. போட்ட கத்தலில் என் தலை சுற்றியது. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

உண்மையைச் சொல்கிறேன், உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? காது கேட்காத ஒருவரோடு குடித்தனம் நடத்துவதைப் போன்ற தண்டனை வேறு இல்லை. சுவரோடு மாரடிக்கிறேன். காது போய்விட்டால் மனுஷன் பாதி போன மாதிரிதான். இந்த ஒரு ஆளோடு போதும், இனி எந்த ஜென்மத்திலும் வேண்டாம்.

ஏதோ சொல்ல வேண்டும் என்றாயே, என்ன?

அக்கா

*

ஜூன் 21

அன்புள்ள ரேடியோவுக்கு,

நீங்கள் எல்லோரும் நலம் என்றே நினைத்துக்கொள்கிறேன். வேறு என்ன செய்வது, நீதான் எழுதுவதில்லையே. இரண்டரை மாதம் ஆயிற்று. அரை மார்க் குறைத்ததற்கா இந்தக் கோபம்? பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. படிக்கிறாயா, இல்லை ஆரம்பத்தில் காட்டிய சூரத்தனத்தோடு சரியா? மே லீவில் வரலாம் என்று பார்த்தேன். அப்பாவை விட்டுவிட்டு எப்படி வருவது?

ஒரு வரியாவது போடு.

அக்கா

*

ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

கோபம் ஒன்றும் இல்லை. வேலை அதிகம். எல்லோரும் நலம். அப்பாவைத் திட்டாதே.

ஏதோ சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தேன். அது என்னவென்று எனக்கே மறந்துவிட்டது.

இந்த முறை ஐந்து:

டாக்டர் நோயாளியிடம், "இது பரம்பரையா வர்றது" என்றார்.

டாக்டர் நோயாளியிடம், "ஒரு பக்கம் முழுசாப் போயிடுச்சு. இன்னொரு பக்கம் எத்தனை நாள்னு சொல்ல முடியாது" என்றார்.

நோயாளி டாக்டரிடம், "வேலை போயிடுமா?" என்று கேட்டாள்.

டாக்டர், "வீட்டுல யார்கிட்டேயாவது சொன்னீங்களா?" என்று கேட்டார்.

நோயாளி, "சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றாள்.

திருத்தி அனுப்பு.

ரேடியோ

*

ஜூலை 15

அன்புள்ள ரேடியோவுக்கு,

ஒருவழியாக எழுதினாயே, சந்தோஷம். இங்கே பள்ளிக்கூடம் திறந்து ஒன்றரை மாதம் ஆகிறது. எனக்கு இந்த வருஷம் நாலு வகுப்பு. கேட்பாரில்லை.

இலக்கணத்தில் ஒரு பிழைகூட இல்லை. ஆனாலும் பத்துக்கு ஐந்துதான் போட்டிருக்கிறேன். ஏன் என்று உனக்கே தெரியும். டாக்டரும் நோயாளியும் கைடு புத்தகத்து ஆட்கள். எந்தக் கைடைத் திறந்தாலும் டாக்டர் நோயாளியிடம் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார். உன்னைச் சுற்றி நடப்பதை எழுது என்றுதானே சொன்னேன்? என் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. இருபத்திரண்டு வருஷமாகக் காப்பியைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறேன்.

லாரி டிரைவரைப் போல நல்லதாக நாலு அனுப்பு. பரீட்சையை நினைத்துக்கொள்.

அக்கா

*

ஆகஸ்ட் 23

என் கண்ணே,

நீ சௌக்கியமா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

நேற்று முன்தினம் பத்தாம் வகுப்பில் அயற்கூற்றுப் பாடம். உன் வாக்கியங்களை என் நோட்டிலிருந்து எடுத்துக் கரும்பலகையில் வரிசையாக எழுதினேன். மகாராணி, கதவு, பால், டிவி, லாரி, போன் நம்பர், வாயையே பார்ப்பது, கடைசியில் டாக்டர். உனக்குப் பாதி மார்க் போட்டுவிட்டு அவற்றையும் குறித்துத்தான் வைத்திருந்தேன். பிள்ளைகள் குனிந்து எழுதினார்கள். நான் ஜன்னல் ஓரம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு பெண் எழுந்து, "டீச்சர், இதெல்லாம் ஒரே ஆளுக்கு நடந்ததா?" என்று கேட்டாள். "ஏன்?" என்றேன்.

"அந்தம்மாவுக்குக் காது கேக்காது போல டீச்சர். பாவம், ஒருத்தர்கூட அவங்களை என்னன்னு கேக்கலையே."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "முதல்ல மாத்தி எழுது, கதை அப்புறம் பேசலாம்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் திரும்பிக் கரும்பலகையைப் பார்த்தேன். இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் அதைப் படித்தேன். அதுவரை திருத்தத்தான் செய்திருந்தேன்.

பாப்பா கத்தியும் நீ வரவில்லை என்று எழுதினாய். நான் 'ஹேட்' போடச் சொன்னேன். லாரிக்காரன் உன்னை இடிக்க இருந்தான். நான் சிரித்தேன். டாக்டர் சொன்னதையே எழுதி அனுப்பினாய். காப்பி அடித்தாய் என்றேன். சிவப்புப் பேனா நாலும் மேஜையில் இருக்கின்றன, தொடப் பிடிக்கவில்லை.

பரம்பரையாக வருவது என்றால் அப்பாவின் காது பாய்லரால் போகவில்லை. அதைக்கூட உன் தாளில்தான் தெரிந்துகொண்டிருக்கிறேன், டிக் போட்டுவிட்டு.

ஏப்ரல் மாதம் நான் எழுதிய கடிதம் ஞாபகத்துக்கு வந்தது. அதை நீ எப்படிப் படித்திருப்பாய் என்று நினைக்கும்போது என் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கொளுத்திவிடு. அந்த ஐந்து மார்க் தாளையும் கொளுத்திவிடு.

போன் பண்ண ஓடினேன். பாதி வழியில் நின்றுவிட்டேன். பண்ணி என்ன ஆகும்?

அக்கா

*

செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உடனே எழுதவில்லை என்று வருத்தப்படாதே. பரீட்சை முடியட்டும் என்று இருந்தேன். உன் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்புகிறேன்.

இடது காது போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. வலது காதில் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு சமாளித்தேன். ஆலைக்குத் தெரிந்தால் போர்டிலிருந்து எடுத்துவிடுவார்கள், வேறு இடமும் தரமாட்டார்கள் என்று பயம். அதற்குள் ரெக்கார்டு செக்ஷனுக்கு ஓடிவிடலாம் என்று பார்த்தேன். அவருக்கும் மகளுக்கும் மே மாதம் டாக்டரிடம் போனபோதுதான் தெரியும். அவர்களுக்கும் முன்னால் உனக்குச் சொல்ல வேண்டும் என்று ஏப்ரல் மாதம் பேப்பரை எடுத்து வைத்து, 'அக்கா, எனக்கு' என்று எழுதியிருந்தேன். அன்றைக்குத்தான் உன் கடிதம் வந்தது. மூன்று தடவை படித்தேன். அப்பாவைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்கு எழுதின மாதிரியே இருந்தது. பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

ஐந்து மார்க் தாள் வந்தபோது எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன். இரண்டு நாள் உன்னை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். பிறகு உன் அலுப்பும் தெரிந்தது. நூற்றைம்பது பிள்ளைகள், அப்பா, அதற்கு மேல் நான். உனக்கு யார் இருக்கிறார்கள்?

பரீட்சைத் தாள் சுலபமாக இருந்தது. ஒரு 'ஹேட்' விடவில்லை. மறுநாள் நேர்முகம். அதிகாரி என் பைலைப் பார்த்துக்கொண்டே குனிந்தபடி ஏதோ கேட்டார். ஒரு வார்த்தை பிடிபடவில்லை. பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். வழக்கம்போல நானும் சிரித்துத் தலையாட்டியிருப்பேன். உன் வகுப்புப் பெண் கேட்டது நினைவுக்கு வந்தது. "சார், எனக்குக் காது கேக்காது. என் முகத்தைப் பாத்துப் பேசுங்க, இல்லைன்னா எழுதிக் குடுங்க" என்றேன். பெற்ற மகளிடம்கூட அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை, டாக்டர்தான் சொன்னார். அந்த அறையில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அதிகாரி ஒரு தாளை இழுத்து, கேள்வியை எழுதி என் பக்கம் நகர்த்தினார். அறிக்கை எழுதத் தொழிலாளி பேசுவதைக் கேட்டாக வேண்டாமா என்று கேட்டிருந்தார். அங்கே சுருக்கெழுத்தர் எடுத்துத் தருகிறார், நான் அதைப் பார்த்துத்தானே எழுதப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன்.

நேற்று உத்தரவு வந்தது. இடம் கிடைத்துவிட்டது. பதினேழு வருஷ சீனியாரிட்டி போய்விட்டது. நேற்று சேர்ந்தவளுக்கு அடுத்த நாற்காலி. பரவாயில்லை, நாற்காலி இருக்கிறதே.

மறைக்காமல் ஒன்று சொல்கிறேன். இப்போதெல்லாம் எனக்கு எல்லாமே மகள் வழியாகத்தான் வருகிறது. தன் அப்பா இப்படிச் சொன்னாராம், டீச்சர் அப்படிச் சொன்னாராம் என்று அவள் என் முகத்துக்கு நேராக வந்து சொல்கிறாள். சேதி வருகிறது, குரல் வருவதில்லை. உன் குரலைக் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வலது காதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அது இருக்கும்போதே ஒரு தடவை வந்துவிட்டுப் போகிறாயா?

ரேடியோ

*

செப்டம்பர் 22

என் ரேடியோவுக்கு,

தைலம் வந்தது. முழங்கால் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னது.

உத்தரவு வந்ததைப் படித்துவிட்டு அப்பாவிடம் ஓடினேன். அடுப்படியிலிருந்து கத்தப் போனேன், வாயை மூடிக்கொண்டேன். அடுப்பை அணைத்துவிட்டு, அவர் கட்டிலுக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். நீ பிப்ரவரியில் சொன்னது. ஏழு மாதம் கழித்து உட்கார்ந்தேன். முகத்தை அவர் பக்கம் வைத்துக்கொண்டு, "அப்பா, ரேடியோவுக்கு வேற வேலை கிடைச்சிருக்கு" என்று மெதுவாகச் சொன்னேன். புரிந்துகொண்டார். உன் காதைப் பற்றியும் சொன்னேன். வெகுநேரம் தன் இரண்டு காதையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்கிட்டேருந்து போச்சா?" என்று கேட்டார். அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

பிறகு என் முகத்தையே பார்த்தார். அவர் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்:

"இன்னிக்குத்தான் உன் முகம் கோவமில்லாம இருக்கு. நீ பேசறது எதுவும் காதுல விழாது, உன் முகம் மட்டும்தான் தெரியும். இத்தனை வருஷமா நீ என்னைத் திட்டிக்கிட்டே இருக்கேன்னு நினைச்சிட்டிருந்தேன்மா."

நான் சாப்பிட வாங்க என்றுதான் கத்தியிருக்கிறேன். மாத்திரை போட்டீர்களா என்றுதான் கத்தியிருக்கிறேன். அவருக்குப் போய்ச் சேர்ந்தது வேறு.

எதிர்வீட்டு அம்மா நாலு நாள் அப்பாவைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வா. கூட்டத்தில் நீ வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாலும் பின்னாலிருந்து கூப்பிட மாட்டேன். சுற்றி வந்து உன் முன்னால் நிற்பேன். நீ என் முகத்தை நன்றாகப் பார்த்த பிறகுதான் பேசுவேன்.

அக்கா